பல் பார்ப்பவள்

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

சானி கணவாய் ஏறி
பனிச்சேற்றில் இரண்டு முறை சறுக்கி
லாரி வந்து நின்றது செவ்வாய்க்கிழமை.
பதினொரு மரப்பெட்டிகள்.
ஒஹாயோவில் ஒரு மருத்துவமனை
புதியன வாங்கியதும்
பழையனவற்றைத் துடைத்து
நீல ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தது.

ஸ்டோர்கீப்பர் செகோபே
‘பெற்றுக்கொண்டோம்’ என்ற வரிக்குக் கீழே
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
நான் திருப்புளியை எடுத்தேன்.

ஈசிஜி வந்திருந்தது, தாள் இல்லை.
அந்தத் தாளைச் செய்த கம்பெனியும்
இப்போது இல்லை.
ஆக்சிஜன் இயந்திரம் கடலோரத்துக்குப் பழகியது.
இந்த உயரத்தில்
புதிதாய் வரும் டாக்டர்களைப் போல
அதற்கே மூச்சு வாங்குகிறது.
பல் வைத்தியத்துக்கு ஒரு சாய்வு நாற்காலி,
பல் வைத்தியர் இல்லாத மாவட்டத்துக்கு.

கடைசிப் பெட்டியில் இன்குபேட்டர்.
மூடியில் ஒரு கீறல் கிடையாது.
நூற்றுப்பத்து வோல்ட்.
எங்கள் சுவரில் இருப்பது இருநூற்றிருபது.
இதன் அக்கா போன வருஷம் வந்தாள்.
யாரோ ஆசையில் நேராகச் செருகிவிட்டார்கள்.
ஒரு நொடி வெளிச்சம், ஒரு முழம் புகை.
இப்போது ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால்
அதற்குள் ஒரு கோழி அடைகாக்கிறது.
சரியாகச் சொன்னால்
அதுவும் இன்குபேட்டர் வேலைதான்.

போட்டோ வேண்டுமாம் அவர்களுக்கு, மேட்ரன் சொன்னார்.
இயந்திரம், பக்கத்தில் ஒரு நர்ஸ், ஒரு சிரிப்பு.
டிம்போவை நிற்கவைத்தோம்.
எங்கள் மொழியில் அவள் பெயருக்கு
‘பரிசுகள்’ என்று பொருள்.
அவள் சிரிக்கவில்லை.
மூன்று வாரமாய் இரவெல்லாம்
குறைமாதப் பிள்ளைகளைத் தாய்களின் நெஞ்சோடு கட்டி
மேலே கம்பளி சுற்றி
விடியும்வரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள்.
சூடு எதுவென்று அவளுக்குத் தெரியும்.

மெத்தையைத் தூக்கினேன்.
மடிப்பில் ஒட்டிக் கிடந்தது
என் சுண்டுவிரலுக்கே போதாத பிளாஸ்டிக் வளையம்.
மங்கிய மையில்:
பெண். ஆயிரத்து நாற்பது கிராம். பிப்ரவரி ஒன்பது.
அப்போது பெயர் வைத்திருக்கவில்லை.
கணக்குப் போட்டேன்.
இருந்தால் பத்தொன்பது வயது.
‘இருந்தால்’ என்பதை
யார் காதிலும் விழாமல் விழுங்கினேன்.

வெல்கம் சுரங்கத்தில் இருபது வருஷம் வயர் இழுத்து
பாதி நுரையீரலோடு திரும்பிய மொஹாபியிடம்
ஆட்டுக்குட்டி கனத்தில்
ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு.
ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருந்தார்.
தர முடியாது என்றார். இருமினார். யோசித்தார்.
படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது,
உட்கார்ந்தபடி தூங்க ஏதாவது இருக்கிறதா என்றார்.

பல் நாற்காலி கழுதைவண்டியில் போயிற்று.
பதிவேட்டில் செகோபே என்ன எழுதினார் என்று
நான் கேட்கவில்லை.

வெள்ளி இரவு முப்பத்தாறரை டிகிரி.
விசிறி கொஞ்சம் மெதுவாய்ச் சுற்றி
கொஞ்சம் கரகரத்தது, ஆனால் சுற்றியது.
இரட்டையரில் சின்னவனை உள்ளே வைத்தாள் டிம்போ.
பெரியவன் தாயின் மேலேயே இருந்தான்.
வெளியே செங்கு ஆற்றோரம் பனி கொட்டியது.
கரண்ட் இரண்டு முறை போயிற்று.
இரண்டு முறையும்
டிம்போ அவனை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள்,
வந்ததும் திரும்ப வாங்கினாள்.

நன்றிக் கடிதம் நான்தான் எழுதினேன்.
பெட்டிகளின் பலகை மிக நல்ல பலகை,
காத்திருக்கும் பெண்களுக்கு நான்கு பெஞ்சுகள் ஆயின.
அடுத்த முறை அனுப்புமுன்
நீங்களும் ஒருதரம் பல்லைப் பிடித்துப் பாருங்கள்.
வோல்ட், ப்ளக், ப்யூஸ், கையேடு.
இத்துடன் உங்கள் ஊர்ப் பொருள் ஒன்று.
முடிந்தால் உரியவளிடம் சேர்க்கவும்.

உறையை ஒட்டினேன்.
பிறகு பிரித்தேன்.
அந்தக் கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டு
மறுபடி ஒட்டினேன்.

வளையம் என் கருவிப்பெட்டியில் கிடக்கிறது,
உபரி ப்யூஸ்கள் வைக்கும் தகர டப்பாவில்.